கைடு ஏன் மெத்தடாலஜியைத் திருப்பிக் கொடுத்தார்?

கேள்வி: எம்.காம். இறுதியாண்டு மாணவி நான். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகள் யூபிஐ-யில் பணம் வாங்குவது பற்றி புராஜெக்ட். 80 பேரிடம் கேட்டு முடித்துவிட்டேன். சீனியர் தீசிஸைப் பார்த்து எழுதிய மெத்தடாலஜி (ஆய்வை எப்படிச் செய்தேன் என்று சொல்லும்) அத்தியாயத்தை, "இதில் நீ செய்தது எதுவுமே இல்லையே" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எப்படி மாற்றுவது?

பதில்: படித்துப் பார்த்தேன், கைடு சொன்னது சரிதான். முதல் ஒன்றரைப் பக்கமும் ஆராய்ச்சி என்றால் என்ன, முதல்நிலைத் தரவு என்றால் என்ன என்ற விளக்கம். அதை வெட்டிவிடுங்கள். அதெல்லாம் அவருக்குத் தெரியும், நீங்கள் மார்க்கெட்டில் என்ன செய்தீர்கள் என்பதுதான் தெரியாது.

அப்புறம், 'சிம்பிள் ரேண்டம் சாம்பிளிங்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வியாபாரிகளின் பட்டியலும் கையில் இருந்து, அதில் குலுக்கல் போட்டு எடுத்தீர்களா? இல்லை, பேச ஒப்புக்கொண்டவர்களிடம் கேட்டிருந்தால் அது கன்வீனியன்ஸ் சாம்பிளிங். அப்படியே எழுதுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. செய்யாததை எழுதினால்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) திணறுவீர்கள்.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஆனால் எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும் எடுத்திருந்தார்கள். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, பதில் போட்டவர்களே கால்வாசிப் பேர்தான்.

அதனால் யாரிடம், எந்த நேரத்தில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். விடியற்காலையில் மொத்தமாக விற்றுவிட்டுப் போகிறவரும், சாயங்காலம் முழம் போட்டு விற்கிற அம்மாவும் ஒரே மாதிரி பணம் வாங்குவதில்லை. "இப்ப நேரமில்லை, அப்புறம் வாம்மா" என்றவர்கள் எத்தனை பேர் என்பதும் வேண்டும். யூபிஐ இல்லாதவர்களே அதிகம் நழுவியிருந்தால், உங்கள் சதவீதம் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

கேள்விகளை நீங்களே படித்துக் காட்டிப் பதிலையும் நீங்களே குறித்திருந்தால் அது இன்டர்வியூ ஷெட்யூல், அதைச் சொல்லுங்கள். ஆங்கிலக் கேள்விகளை நின்ற இடத்திலேயே தமிழில் சொன்னீர்கள் என்றால் அதையும்தான்.

க்ரான்பாக் ஆல்பா (கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) மதிப்பு சீனியருடையது, உங்கள் தரவை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் புதிதாக எடுங்கள். வயதுக்கும் யூபிஐ-க்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கக் கை-ஸ்கொயர் சோதனை போடும்போது, 80 பேரை ஐந்தாறு வயதுப் பிரிவாக உடைத்தால் அட்டவணையின் சில கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லையென்றால் வர வேண்டிய எண்ணிக்கை) 5-க்குக் கீழே போய்விடும், முடிவை நம்ப முடியாது, அப்போது பொருத்தமான பிரிவுகளைச் சேர்த்துவிட்டு, ஏன் சேர்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கொடுக்கும் முன் வினைச்சொற்களையும் ஒரு முறை பாருங்கள். சினாப்சிஸில் (ஆய்வுக்கு முன் கொடுத்த சுருக்கத்தில்) இருந்த 'சேகரிக்கப்படும்' மூன்று இடத்தில் அப்படியே நிற்கிறது, சேகரித்து முடித்தாயிற்றே.