மேலாளர் ஆன பிறகும் டேலி எடுக்கலாமா?

கேள்வி: மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் டேலி கிளார்க்காக, அதாவது ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, இப்போது மேலாளராக இருக்கிறேன். காலையில் முதலில் வருவதும் இரவில் கடைசியாகப் போவதும் நான்தான். ஆள் குறைந்தால் நானே டேலி எடுக்கிறேன். ஆனாலும் முதலாளி, "மேலாளர் வேலையை எப்போது பார்க்கப் போகிறாய்?" என்கிறார். அப்படி என்னதான் வேலை அது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் முதலாளியின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதவியைக் கொடுத்த அன்றே வேலை இன்னதென்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

பிரான்ஸில் ஒரு சுரங்க நிறுவனத்தை 1888 முதல் 30 ஆண்டுகள் நடத்தியவர் ஹென்றி ஃபயோல். 1916இல் அவர் மேலாளரின் வேலையை ஐந்தாகப் பிரித்தார்: திட்டமிடுவது, ஆளையும் பொருளையும் அமைப்பது, கட்டளையிட்டு நடத்துவது, ஒருங்கிணைப்பது, கண்காணித்துத் திருத்துவது. இன்றைய பாடநூல்கள் ஆளெடுப்பதையும் தனியாகச் சேர்க்கும். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். மேலே போகப் போக தொழில்திறமையின் தேவை குறைந்து நிர்வாகத் திறமையின் தேவை கூடும் என்றும் அவர் சொன்னார். உங்களுக்கு வேண்டியது அதுதான். டேலியில் நீங்கள் கெட்டிக்காரர். அதுவே இப்போது உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

ஒரு கப்பலுக்கான கண்டெய்னர் பெட்டிகளைத் துறைமுகம் ஏற்கும் கடைசி நேரம்தான் கட்-ஆஃப்; அதற்குள் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டாவிட்டால் அடுத்த கப்பல்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் கட்-ஆஃபில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்: வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், சீல் எப்போது, சரக்கேற்றத் தொடங்குவது எப்போது, அதற்குள் சுங்க அனுமதி வந்துவிடுமா? முந்தைய நாள் மாலையே யாராவது இதை எழுதிவைக்க வேண்டும். நீங்கள் டேலி தாளோடு பெட்டி வாசலில் நின்றால் அதைச் செய்ய ஆளில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், மேஸ்திரி, கஸ்டம்ஸ் ஏஜென்ட், டிரெய்லர்காரர் எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தும் பெட்டி கிளம்பாத நாட்கள் உண்டு. ஒருவர் வேலை முடிந்ததை அடுத்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளி உங்கள் பொறுப்பு.

நேற்றுவரை கூட வேலை செய்தவர்களை இன்று ஏவுவது சங்கடம். அதைத் தவிர்க்கவே நீங்கள் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அதற்காக அதட்டவும் வேண்டாம். 1918லேயே பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சங்கம் வைத்த பகுதி இது. எந்தப் பெட்டிக்கு யார் பொறுப்பு என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். பாதி ஏற்றும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள்; தவறிருந்தால் அப்போது திருத்தலாம், சீல் வைத்த பிறகு சண்டைதான் போடலாம்.

டேலிக்கு ஒரு இளைஞரைப் பழக்குங்கள். அவசரத்துக்கு வெளி டிரெய்லர் எடுக்கவும் ஓவர்டைம் கொடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா, எவ்வளவு தொகை வரை என்று முதலாளியிடம் கேளுங்கள். பொறுப்போடு அதிகாரமும் சேர்ந்தே வர வேண்டும் என்பதும் ஃபயோல் வகுத்த விதிதான். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.