ராஜா சிக்கும்வரை ஆடத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கைப்பேசியில் லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஆளுக்கு 5 நிமிடம் கொண்ட ஆட்டங்கள் ஆடுகிறாள். ராணியை இழந்த பிறகும் விடாமல் ஆடுகிறாள். கல்லூரி நாட்களில் போட்டிகளில் ஆடிய என் அண்ணன், தோல்வி தெரிந்த பிறகும் ஆடுவது எதிரில் இருப்பவரை அவமதிப்பது என்கிறார். அவளுடைய பயிற்சியாளரோ ரிசைன் (தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை விடும்) பொத்தானைத் தொடவே கூடாது என்கிறார். பெரியப்பா சொல்வதைக் கேட்பதா, சார் சொல்வதைக் கேட்பதா என்று என்னிடம் வந்து நிற்கிறாள்.
(கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஆடட்டும். அவள் வயதுக்கும் 5 நிமிடக் கடிகாரத்துக்கும் பயிற்சியாளர் சொல்வதே பொருந்தும். ஆனால் ‘தொடவே கூடாது’ என்பதை வாழ்நாள் முழுமைக்குமான விதியாக நான் ஏற்க மாட்டேன்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி ரிசைன் செய்வது ஆட்டக்காரரின் உரிமை. அதைச் செய்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ரிசைன் செய்து தோற்றாலும் செக்மேட் ஆகித் தோற்றாலும் ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் ரேட்டிங் புள்ளிகள் குறைவது ஒரே அளவுதான். உங்கள் அண்ணன் சொல்லும் மரபு, எதிராளிக்கு இந்த நிலையை வென்று முடிக்கத் தெரியும் என்று இருவருக்குமே ஐயமின்றித் தெரிந்த இடத்தில் வளர்ந்தது. 1988ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பிய வீரர் அலோன்சோ சபாட்டாவுக்கு எதிராக ஆனந்த் ஐந்தாவது நகர்த்தலில் பிஷப்பைத் தவறான கட்டத்தில் வைத்தார். சபாட்டா தன் ராணியை ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்ததுமே குதிரை பறிபோவது உறுதி என்று கண்டு, ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த உறுதி 11 வயதுப் பிள்ளைகள் இருவருக்கிடையே, 40 வினாடி மிச்சமிருக்கும் ஆட்டத்தில் எங்கிருந்து வரும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். சில வாரங்களுக்கு முன் ஒரு பையன் இணைய ஆட்டமொன்றில் ராணியும் இரண்டு சிப்பாய்களுமாக வெற்றியின் விளிம்பில் இருந்தான். எதிராளியிடம் மூலையில் ஒதுங்கிய ராஜா மட்டுமே. கடிகாரத்தில் 6 வினாடி. அவன் ராணியை அந்த மூலையிலிருந்து சரியாக ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் வைத்தான். செக் இல்லை, ராஜா நகரக் கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. அவன் திரையிலிருந்து வெகுநேரம் கண் எடுக்கவில்லை. அதே நிலையை மரப்பலகையில் அடுக்கி, ராணியை எங்கெல்லாம் வைக்கக் கூடாது என்று எல்லோரையும் தேடச் சொன்னேன். அன்று அவர்கள் கற்றதை நான் வாயால் சொல்லியிருந்தால் மறுவாரமே மறந்திருப்பார்கள். யார் என்று தெரியாத அந்த எதிராளி ரிசைன் செய்யாமல் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தப் பாடம் எங்களுக்குக் கிடைத்தது. அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆகவே மகளிடம், விடாமல் ஆடு என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்படி ஆடுவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பின்தங்கியவர் பெரிய காய்களை வெட்டுக்கு வெட்டு மாற்றிக்கொள்ளக் கூடாது, சிப்பாய்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசிச் சிப்பாயைக் கண்ணைப் போலக் காக்க வேண்டும். எதிராளியின் நேரம் தீரும்போது நம்மிடம் ராஜா மட்டும் இருந்தால் டிராதான். ஒரு சிப்பாய் இருந்தாலும் அது பலகையின் மறுகோடியை அடைந்து ராணியாகக் கூடும் என்பதால் வெற்றி நமக்கு. இன்னொன்று: எதிராளியிடம் ஒரு பிஷப்பும் ஓர் ஓரச் சிப்பாயும் மட்டுமே எஞ்சி, அந்தச் சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டம் அந்த பிஷப் செல்லாத நிறமாக இருந்தால், நம் ராஜா அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அவரால் வெல்லவே முடியாது. இதை அறியாமல் ரிசைன் செய்தவர்களை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். உலகச் சாம்பியனாக இருந்த காஸ்பரோவே 1997இல் டீப் புளூ கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் ரிசைன் செய்த பிறகு, தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்யும் வழி இருந்ததை மற்றவர்கள் காட்டினார்கள்.

நம் குகேஷ் 2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் போட்டியில் கார்ல்சனை வென்றாரே, அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் தோல்விநிலையில்தான் இருந்தார். ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளிக்கு ஒரு புதிய கணக்கைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நேர நெருக்கடியில் கார்ல்சன் பிசகினார். பெரியப்பாவையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து அந்த ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது விடலாம் என்றும் அவள் கேட்பாள். பலகையை மனத்தில் திருப்பிப் பார்க்கட்டும். எதிராளியின் காய்களும் அவருடைய நேரமும் தன்னிடம் இருந்தால், யார் எதிரே உட்கார்ந்தாலும் தன்னால் வெல்ல முடியும் என்று அவளுக்கே நிச்சயமாகத் தோன்றினால், அன்று ரிசைன் செய்யலாம். ராணியும் ராஜாவும் கொண்டு தனி ராஜாவை மேட் செய்யத் தடுமாறும் காலம்வரை அவளுக்கு அந்த நாள் வரவில்லை.

கேள்வி: 15 நிமிட ஆட்டத்தில் எதிராளியின் யானையை வெட்டினேன். உடனே அவர் காய் நகர்த்துவதை நிறுத்திவிட்டு, 11 நிமிடம் கடிகாரத்தை ஓடவிட்டார். இதுவும் ‘விடாமல் ஆடுவது’தானா?
(லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை. விடாமல் ஆடுபவர் காய் நகர்த்துகிறார். இவர் உங்கள் மாலைப் பொழுதைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். தளங்கள் இதைத் தவறாகவே கருதுகின்றன. திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்குச் சிறிது காலம் ஆடத் தடையும் விழுகிறது. புகார் பொத்தானை அழுத்துங்கள், அரட்டைப் பெட்டியில் எதுவும் எழுதாதீர்கள். ஆட்டத்தை விட்டு மட்டும் வெளியேறிவிடாதீர்கள். கடைசி நிமிடத்தில் திரும்பி வந்து காய் நகர்த்துபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு நகர்த்தலுக்கு 3 நாள் அவகாசம் உள்ள ஆட்டத்தில் ஒரு யானை குறைவாக இருக்கிறேன். எதிர்த்தாக்குதலுக்கு வழி தெரியவில்லை. தொடரலாமா?
(நெல்லிக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, மேலே மஞ்சக்குப்பத்துப் பிள்ளைக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. அவளுடைய எதிராளிக்குச் சில வினாடிகள். உங்கள் எதிராளிக்கோ 3 நாட்கள். அவசரத்தில் அவர் தவறுவார் என்று நம்ப இடமே இல்லை. ஆட்டமோ இன்னும் பல வாரங்கள் இழுக்கும். நிலையை இன்னொரு முறை பாருங்கள். தொடர் செக், ஸ்டேல்மேட், எதிராளியால் தடுக்க முடியாதபடி முன்னேறும் சிப்பாய், இவற்றில் ஒன்றும் தென்படாவிட்டால் இன்றே ரிசைன் செய்துவிட்டு, அவரையே நிறம் மாற்றி இன்னோர் ஆட்டத்துக்கு அழையுங்கள்.