அடுத்த அத்தியாயத்துக்குக் காசு வாங்கலாமா?

நாற்பது அத்தியாயம் ஃபேன் ஃபிக்ஷன் (இன்னொருவர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதியாகிவிட்டது, வாசகர்களே பணம் தருகிறோம் என்கிறார்கள், வாங்கினால் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். உழைப்புக்குக் கூலி கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இந்தக் கதையை விற்காதீர்கள். பாத்திரங்களின் பதிப்புரிமை இன்னொருவருடையது. இலவசமாக எழுதும்வரை பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். காசு கைமாறினால் பார்வையே மாறிவிடும். இத்தகைய கதைகளை இலவசமாக வெளியிடும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் நன்கொடை இணைப்பு வைக்கக்கூட அனுமதி இல்லை.

இப்படிப்பட்ட கதைகளை உரிமையாளர் சம்மதத்தோடு விற்க அமேசான் 2013-இல் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்' என்ற சேவையைத் தொடங்கி, 2018-இல் மூடிவிட்டது. அதனால் அந்த வழியை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? கதையில் வரும் தங்கை முழுக்க உங்கள் கற்பனை என்றீர்களே, எனக்கு அதுதான் பிடித்தது. அவளை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். மற்றவர்களின் பெயரை மாற்றி ஒப்பேற்றினால் போதாது; அவளுடைய ஊர், குடும்பம், அவளுக்கு வரும் சிக்கல் எல்லாமே புதிதாக வேண்டும். கஷ்டமான வேலைதான், நாற்பது அத்தியாயம் எழுதிய கைக்கு முடியாததல்ல.

பழைய கதை இலவசமாகவே இருக்கட்டும், அழித்துவிடாதீர்கள். புதியது வந்ததும் சொல்லுங்கள், நான் காசு கொடுத்தே வாங்குகிறேன்.