வாங்கிய பட்டியலை முதலில் அழித்துவிடுங்கள்

வணக்கம். தீபாவளிக்கு 4,000 முகவரிகளை விலைக்கு வாங்கி ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்பினீர்கள்; பாதி திரும்பி வந்தது, மீதி ஸ்பாமில் விழுந்தது என்கிறீர்கள். உங்கள் சேலையில் குறையில்லை, பட்டியலில்தான் குறை. அதை அழித்துவிடுங்கள்.

கடைக்கு வந்து வாங்கியவர்களில் சம்மதம் சொன்ன 60 பேர் போதும். சொந்த டொமைனிலிருந்து, அதாவது உங்கள் கடைப் பெயரிலான இணைய முகவரியிலிருந்து அனுப்புங்கள். அதற்கு முன் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் டொமைன் அமைப்பில் சேர்த்துவிடுங்கள்; அஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள் இவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கண்டிப்பு. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று. விலகும் இணைப்பை ஒளிக்காதீர்கள். விலக வழி தெரியாதவர்தான் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார்.

அப்புறம், தலைப்பில் "மெகா ஆஃபர்" வேண்டாம். "நீங்கள் கேட்ட மாம்பழக் கலர் சுங்குடி வந்துவிட்டது" என்று எழுதிப் பாருங்கள். நான் அப்படி எழுதியபோதுதான் முதல் பதில் வந்தது: "ரெண்டு எடுத்து வைங்க."