'மருந்து' என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதியில் தன்னார்வலராக இருக்கிறேன். குத்தகை நிலத்தில் எலுமிச்சைப்புல்லும் பாகற்காயும் நீளக் காராமணியும் போடும் மோங் இனக் குடும்பங்களுக்குப் பூச்சிமருந்துப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். அவர்கள் மொழியிலேயே அச்சிட்ட கையேடு கொடுத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: கையேட்டை ஓரமாக வையுங்கள். 1975-க்குப் பின் லாவோஸை விட்டு, தாய்லாந்து முகாம்கள் வழியாக வந்த முதியவர்களில் பலர் எந்த மொழியிலும் படிக்கப் பழகாதவர்கள். மோங் மொழிக்கு இப்போதுள்ள ரோமன் எழுத்துமுறை உருவானதே 1950-களில்தான்.

சிக்கல் சொல்லிலும் இருக்கிறது. மோங் மொழியில் 'சுவா' என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பதும் பயிருக்கு அடிப்பதும் ஒன்றுதான். நாமும் 'மருந்து அடிக்கிறோம்' என்றுதானே சொல்கிறோம்! அதனால் வகுப்பில் வெறும் 'சுவா' வேண்டாம். பூச்சியைக் கொல்லும் விஷம் என்று விரித்துச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெரியவரைத் திருத்த அது தயங்கும்.

இந்தியப் புட்டியில் முக்கோணத்தின் நிறமே நஞ்சின் அளவைக் காட்டிவிடும். அமெரிக்க லேபிளில் அப்படியில்லை. 'டேஞ்சர்', 'வார்னிங்', 'காஷன்' என்று வாசித்துத்தான் தெரிய வேண்டும். லேபிளை மறைக்காமல், இந்த மூன்று சொல்லுக்கும் முறையே சிவப்பு, மஞ்சள், பச்சை டேப்பைப் புட்டியின் கழுத்தில் சுற்றச் சொல்லுங்கள். குளிர்பானப் பாட்டிலில் மாற்றி ஊற்றும் வழக்கம் அறவே கூடாது. குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

செய்முறைக்குச் செலவு அதிகமில்லை. கைத்தெளிப்பானில் தண்ணீரோடு சிவப்பு உணவுச் சாயம் கலந்து, வெள்ளைச் சட்டை போட்டவரை ஒரு வரிசை முழுக்க அடிக்கச் சொல்லுங்கள். முழங்காலிலும் மணிக்கட்டிலும் கறை படியும். காற்றுக்கு எதிரே நடந்தவர் முகத்திலும்தான். பேச்சால் புரியாதது அதில் புரியும். கையுறையை அப்போதே காட்டுங்கள். பருத்திக் கையுறையும் பதனிட்ட தோல் கையுறையும் நஞ்சை உறிஞ்சி உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மருத்துவமனைக் கையுறையோ மிக மெல்லியது. 14 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனாவது உள்ள நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக்கை கையுறைக்கு வெளியே விழ வேண்டும். பாகல் பந்தலுக்கு மேல்நோக்கி அடித்தால் சட்டைக்கையைக் கையுறைக்குள் செருக வேண்டும். இல்லாவிட்டால் நீர் வழிந்து உள்ளே இறங்கும்.

அடித்த வரிசைக்குள் மீண்டும் நுழையக் காத்திருக்கும் நேரம் லேபிளில் இருக்கும்: 4, 12, 24, 48 மணி என மருந்துக்கு மருந்து மாறும். வரிசைத் தலைப்பில் துணி கட்டி, நுழையலாம் என்ற நேரத்தைக் கடிகார முள்ளாக அட்டையில் வரைந்து தொங்கவிடுங்கள். களை பறிக்க வரும் பாட்டிக்கும் அது போதும்.

பயிர்ப்பெயரையும் கவனியுங்கள். லேபிளில் பூசணி மட்டும் இருந்தால் பாகலுக்கு அடிப்பது சட்டமீறல். பாகலின் பெயரோ, வெள்ளரிக் குடும்பக் காய்கறிகள் முழுவதுமோ குறிப்பிட்டிருக்க வேண்டும்.

ஒன்று தனியாக: மோங் குலத்தில் உறவினர் கைமாற்றாக உதவுவது இயல்பு. பண்ணைத் தொழிலாளரைப் பூச்சிமருந்திலிருந்து காக்க 2015-இல் திருத்திய கூட்டாட்சி விதி, பண்ணை உரிமையாளருக்கும் குடும்பத்துக்கும் தரும் விலக்குகள் பலவற்றில் ஒன்றுவிட்ட சகோதரர்வரை சேர்க்கிறது. அதற்கப்பால் அதே குலப்பெயர் உள்ளவரெல்லாம் அதில் வரமாட்டார்கள். விலக்கு உள்ளவரும் லேபிள் சொல்லும் உடுப்பையும் காத்திருப்பு நேரத்தையும் மீற முடியாது. மாநிலச் சட்டம் வேறு. தொழிலாளர் காப்பீடு உட்பட அதை மாவட்ட வேளாண் ஆணையர் அலுவலகத்தில் முதலில் விசாரித்துவிட்டு வகுப்பில் சொல்லுங்கள்.