கார் பந்தயத்தில் ஆபத்து குறைந்தால் ஈர்ப்பும் குறைந்துவிடுமா?

குறையாது என்பதே என் கருத்து. 1976 ஆகஸ்டில் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் எரியும் காருக்குள் சிக்கிய ஃபார்முலா ஒன் கார் பந்தய ஓட்டுநர் நிக்கி லாவுடாவைச் சக ஓட்டுநர்களே வெளியே இழுத்தார்கள். ஆறு வாரங்களில், காயம் முழுதும் ஆறாத நிலையில் மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்த அவர், அதே ஆண்டு ஜப்பானில், உலகச் சாம்பியன் பட்டம் கைநழுவும் என்று தெரிந்தும், மழை காரணமாக இரண்டே சுற்றில் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். என்னைக் கேட்டால், பின்னதுதான் பெரிய துணிச்சல்.

1994-இல் இமோலா ஓடுதளத்தில் விபத்துகளில் ஓட்டுநர்கள் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் மறுநாள் அயர்டன் சென்னாவும் இறந்த பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகின. 2018-இல் கட்டாயமாக்கப்பட்ட, ஓட்டுநரின் தலையைச் சுற்றி வளையும் 'ஹாலோ' என்ற டைட்டானியச் சட்டம், 2020-இல் பஹ்ரைனில் தடுப்புவேலியைப் பிளந்து தீப்பிடித்த காரிலிருந்து ரோமன் குரோஷான் கைகளில் தீக்காயங்களோடு உயிர்தப்ப உதவியது.

எங்கள் மன்னார்குடிப் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில், எல்லையில் வண்டி திரும்புகையில் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும். சாரதி மறுபக்கம் சாய்ந்து அதை அமர்த்தும் அந்த நொடிக்காகத்தான் சாலையோரம் கூட்டம் நிற்கிறதே தவிர, வண்டி கவிழ்வதைப் பார்க்க அல்ல. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனை டிவியில் பார்த்தபோதும், ஜோர்டான் காரை அவர் வளைவுகளில் எப்படித் திருப்புகிறார் என்பதிலேயே எங்கள் கண் இருந்தது.