.303/25 தோட்டா கட்டும்போது இரண்டாம் சுடுதலிலேயே கேஸ் அடியில் அறுந்துபோவது ஏன்? எப்படித் தடுப்பது?

ஆஸ்திரேலியாவின் லித்கோவில் செய்த எஸ்எம்எல்இ (லீ-என்பீல்டு) மார்க் 3 துப்பாக்கி, .303/25 ஆக (.303 கேஸின் கழுத்தைச் சுருக்கி .25 குண்டு பொருத்தும் ரகம்) மாற்றப்பட்ட குழல், புதிய .303 கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு), டையோடு (கேஸை அழுத்தி வடிவம் தரும் அச்சு) வந்த தாளில் சொன்னபடி அமைத்த பிரஸ். அப்படியும் விளிம்புக்குச் சற்று மேலே கேஸ் வளையமாகப் பிளக்கிறது, வெடிமருந்தைக் குறைத்துப் பார்த்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். மருந்தைக் குறைத்தால் இது நிற்காது. டையை ஷெல் ஹோல்டரில் (பிரஸ்ஸில் கேஸின் விளிம்பைப் பிடிக்கும் துண்டு) முட்டும்வரை இறக்கியிருக்கிறீர்கள், கேஸை அறுப்பது அதுதான்.

.303இல் ஹெட்ஸ்பேஸை (கேஸின் அடி பொருந்த விடும் இடம்) விளிம்பில் மட்டுமே அளக்கிறார்கள். குறைந்தபட்சம் 0.064 அங்குலம், ராணுவச் சேவையில் மேல் வரம்பு 0.074. தோள் (கேஸ் கழுத்தாகக் குறுகும் சரிவு) எங்கே நிற்க வேண்டும் என்பதில் ராணுவம் கண்டிப்பாக இல்லை. சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்று சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறை) தாராளமாகவே வெட்டினார்கள். இன்று விற்கும் கேஸ்களின் விளிம்பு பெரும்பாலும் 0.064ஐவிட மெல்லியது, 0.060க்கு அருகில் இருக்கும். ஆகவே ஹெட்ஸ்பேஸ் கேஜில் தேறிய துப்பாக்கியிலும் விளிம்புக்கும் போல்ட் (குழலின் பின்வாயை மூடும் உருளை) முகத்துக்கும் நடுவே 0.010 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கலாம்.

ஃபயரிங் பின் (தோட்டாவைப் பற்றவைக்க அடிக்கும் ஊசி) கேஸை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் ஏறியதும் கேஸின் மெல்லிய முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி மட்டும் பின்னால் நகர்ந்து போல்ட்டில் மோதுகிறது. அந்த இடைவெளி முழுவதையும் விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே உள்ள ஒரு குறுகிய வளையம் நீண்டு நிரப்புகிறது. அடுத்த முறை டை தோளைப் பின்னுக்குத் தள்ளிவிட, சுட்டதும் அதே வளையம் மீண்டும் நீள்கிறது. லீ-என்பீல்டின் பூட்டுக் காதுகள் போல்ட்டின் பின்பக்கம் இருப்பதால், அழுத்தத்தில் போல்ட் அமுங்கி, ரிசீவரும் சற்று இழுபடும். அந்த நீட்சியும் கேஸின் தலையில்தான் விழுகிறது.

நியூ சவுத் வேல்ஸில் ராணுவத் தோட்டா ரகங்களைப் பொதுமக்கள் வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் 1940களில் .303 கேஸின் கழுத்தைச் சுருக்கி .25 குண்டு பொருத்தும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் பரவியது. (இந்தியாவிலும் .303 தடைசெய்யப்பட்ட ரகம். அங்கே வேறு வழி பிடித்தார்கள்: இஷாப்பூர் ஆலை பொதுமக்களுக்காக .315 ரைபிள் செய்தது.) ஊருக்கு ஊர் துப்பாக்கிப் பட்டறைகள் இந்த மாற்றத்தைச் செய்தன, தோள் கோணமும் கழுத்து நீளமும் பட்டறைக்குப் பட்டறை மாறின. குழலில் .303/25 என்று பொறித்திருப்பது குண்டின் விட்டத்தையும் தாய்க் கேஸையும் சொல்லும். சேம்பரின் வடிவத்தை அது சொல்லாது.

எனவே முதல் வேலை சேம்பரை வார்த்து அளப்பது. செரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். சேம்பரை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, தொண்டைக்கு (சேம்பர் முடிந்து குழலின் வரிகள் தொடங்கும் இடம்) ஓர் அங்குலம் முன்னால் குழலில் துணியை அடைத்து, சிறு புனல் வழியாக ஊற்றுங்கள். உறைந்ததும், ஆறும் முன்பே முன்பக்கமிருந்து கம்பியால் தள்ளி வெளியே எடுங்கள். இந்தக் கலவை முதலில் சற்றுச் சுருங்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சேம்பரின் உண்மை அளவுக்குத் திரும்பும், அதன்பின் நாள்போக்கில் அதைத் தாண்டியும் விரியும். ஆகவே ஒரு மணி நேரத்தில் அளந்துவிடுங்கள். கழுத்தின் விட்டம், கழுத்தின் நீளம், தோள் தொடங்கும் இடம், தொண்டை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மென்மையான ஈயக் குண்டொன்றைக் குழலில் தள்ளி வரிப்பள்ளத்தின் (குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளம்) விட்டத்தையும் பாருங்கள். .257 அங்குலம் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தக் குழலுக்கு .257 குண்டு பொருந்துமா என்பதைத் தீர்த்துக்கொண்ட பிறகே மற்ற வேலை.

கேஸ் புதியதாக, பாக்ஸர் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வகையாக, ஒரே தொகுப்பைச் சேர்ந்ததாக இருக்கட்டும். பழைய ராணுவக் கேஸ் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அவற்றில் பல பெர்டன் என்ற வேறு பிரைமர் வகை. நடுவில் துளை இராது, பிரைமர் தள்ளும் ஊசி முறியும். பாதரசம் கலந்த பிரைமரால் சுட்ட பித்தளை உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

கழுத்தைச் சுருக்கும்போது டையை அமைப்பதில்தான் கவனம் வேண்டும். ஷெல் ஹோல்டரை முழுக்க உயர்த்தி, டை அதைத் தொடுமுன் மூன்று நான்கு மி.மீ. இடைவெளி இருக்கும்படி நிறுத்துங்கள். கேஸின் உடலில் மெழுகை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தோளில் மிகுதியாகத் தங்கினால் அங்கே குழி விழும், குறைந்தால் கேஸ் டையில் மாட்டிக்கொள்ளும். கழுத்தின் உட்புறத்திலும் சிறிது தடவ வேண்டும். .303இலிருந்து .25க்கு ஒரே அழுத்தில் போகும்போது தோள் மடங்கினால், இடையளவுக் கழுத்துள்ள ஃபார்ம் டை ஒன்றை நடுவில் சேர்த்து இரண்டு படியாகச் செய்யுங்கள்.

இப்போது கழுத்தின் முன்பகுதி மட்டும் சுருங்கியிருக்கும், அதன் அடியில் பழைய பெரிய கழுத்தின் ஒரு துண்டு படிபோல நிற்கும். அந்தப் பொய்த் தோள்தான் உங்களுக்குத் தேவை. போல்ட்டை மூடிப் பாருங்கள், மூடாது. டையைச் சிறிது இறக்கி, மீண்டும் அழுத்தி, மீண்டும் மூடிப் பாருங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று என்பதால் ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம், எட்டில் ஒரு சுற்று சுமார் 0.009, பதினாறில் ஒன்று சுமார் 0.0045. முதலில் எட்டில் ஒன்றாகவும், போல்ட் கைப்பிடி பாதி இறங்கத் தொடங்கியதும் பதினாறில் ஒன்றாகவும் போங்கள். கடைசிப் பகுதியில் லேசான பிடிப்போடு மூடினால் நிறுத்திவிட்டு டையின் பூட்டு வளையத்தை முடுக்குங்கள். கேஸ் இனி பின்னால் போல்ட் முகத்துக்கும் முன்னால் பொய்த் தோளுக்கும் நடுவே அசையாமல் நிற்கும்.

லீ-என்பீல்டு போல்ட்டை மூடும்போதே ஸ்பிரிங் சேர்ந்து அமுங்குகிறது. அந்த எதிர்ப்பில் கேஸின் பிடிப்பு கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஃபயரிங் பின்னைக் கழற்றிய வெற்றுப் போல்ட்டால் இந்தச் சோதனையைச் செய்தால்தான் சரியாக உணர முடியும். அதற்குரிய குழாய் வடிவக் கருவி தனியாகக் கிடைக்கிறது. கட்டாயம் வாங்குங்கள்.

விளிம்பின் இடைவெளியைக் குறைக்கப் போல்ட் தலையை மாற்றச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். நம்பர் 4 ரைபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் உண்டு. உங்கள் எஸ்எம்எல்இக்கு அப்படி இல்லை, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். கேஜ் 0.074ஐத் தாண்டாதவரை அதில் பணம் போடத் தேவையில்லை என்பது என் கருத்து. தாண்டினால் துப்பாக்கி பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

கழுத்து சுருங்கும்போது பித்தளை எங்கும் போகாது, சுவர் தடிக்கும். .303இல் கழுத்துச் சுவர் 0.014 அங்குலம் இருந்தால் .25இல் 0.016 வரை வரலாம். குண்டைப் பொருத்திய பிறகு கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து வார்ப்போடு ஒப்பிடுங்கள். சேம்பர் குறைந்தது 0.003 அங்குலமாவது அதிகமாக இருக்க வேண்டும். இல்லையேல் கழுத்து விரிய இடமின்றிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அளவான மருந்தும் அபாய அழுத்தம் தரும். சுட்ட கேஸில் புதிய குண்டைக் கையால் போட்டுப் பாருங்கள். தடையின்றி விழுந்தால் சரி, இறுகினால் கழுத்தை வெளிப்புறம் கடைந்தோ உட்புறம் ரீமரால் சீவியோ மெலிதாக்க வேண்டும். கேஸின் நீளத்தை வார்ப்பில் கண்ட நீளத்தைவிட 0.010 முதல் 0.020 அங்குலம் குறைவாக வெட்டுங்கள். கழுத்து விளிம்பு சேம்பர் முடிவில் முட்டினாலும் இதே அபாயம்.

சுருக்கியபின் ஒருமுறை கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் சில சுடுதல்களில் கழுத்து நீளவாக்கில் வெடிக்கும். வெப்பம் 400 டிகிரி செல்சியஸ் அளவு போதும். பித்தளை சிவந்து ஒளிர்ந்தால் அளவு மீறிவிட்டது. அடிப்பாதி தண்ணீரில் நிற்க வேண்டும். அடி இளகிய கேஸை நசுக்கித் தூக்கி எறியுங்கள், அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பகுதிதான்.

முதல் சுடுதலுக்கு லீ-என்பீல்டு வைத்திருப்பவர்கள் நெடுநாளாகக் கையாளும் ஒரு வழி இருக்கிறது. விளிம்புக்கு முன்னால் கேஸைச் சுற்றி மெல்லிய ரப்பர் ஓ-வளையம் ஒன்றை மாட்டுவார்கள். போல்ட்டை மூடும்போது அது நசுங்கிக் கேஸைப் போல்ட் முகத்தோடு ஒட்டி நிறுத்தும், சேம்பரின் நடுக்கோட்டிலும் வைக்கும். பொய்த் தோளோடு இதையும் சேர்த்தால் அந்த வளையம் நீள்வதற்கு இடமே இராது. கேஸில் மெழுகும் எண்ணெயும் துளியும் இல்லாமல் துடைத்த பிறகே சுட வேண்டும். வழவழப்பான கேஸ் சுவரைப் பிடிக்காது, முழு விசையும் போல்ட்டில் விழும், பின்பூட்டு அமைப்புக்கு அது கேடு.

ஒருமுறை சுட்ட கேஸ் உங்கள் சேம்பரின் அச்சு. இனி கழுத்தை மட்டும் சுருக்கினால் போதும். சில சுடுதலுக்குப் பின் போல்ட் இறுகத் தொடங்கினால் தோளை 0.001 அல்லது 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளுங்கள்.

மருந்தின் எடையை இங்கே எழுதவில்லை. கையேட்டில் இதே பெயரில் பட்டியல் இருந்தாலும் அது வேறொரு சேம்பரில் எடுத்த கணக்கு. சுட்ட கேஸில் வாய்வரை தண்ணீர் நிரப்பி எடையைக் கண்டு, பட்டியலில் சொன்ன கொள்ளளவோடு ஒப்பிட்டு, குறைந்தபட்ச அளவிலிருந்து மட்டும் தொடங்குங்கள். அதே விட்டக் குண்டுள்ள வேறு தோட்டாவான .257 ராபர்ட்ஸின் கணக்கைக் கடன் வாங்குவது பெருந்தவறு. அமெரிக்கத் தரத்தில் அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 54,000 பவுண்டு, .303க்கு 49,000. எஸ்எம்எல்இயில் அந்த 49,000க்கும் கீழேயே இருங்கள். மெதுவாக எரியும் மருந்தைப் பாதியாகக் குறைத்துப் போடுவதும் பாதுகாப்பல்ல, கேஸில் காலியிடம் மிகுந்தால் தாறுமாறாக அழுத்தம் ஏறிய நிகழ்வுகள் உண்டு. தட்டையான பிரைமரைப் பார்த்து அழுத்தத்தை மதிப்பிடாதீர்கள், அந்த அறிகுறி தெரியும்போது இந்த ஆக்‌ஷனின் எல்லை ஏற்கெனவே கடந்திருக்கும். குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) எதிர்பார்த்ததைவிட வேகம் கூடினால் அழுத்தமும் கூடிவிட்டது என்றே கொள்ளுங்கள்.

நண்பருடைய 6.5/257 அரிசாக்காவை (சேம்பர் மாற்றிய ஜப்பானிய ராணுவ ரைபிள்) பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். போருக்குப் பின் அமெரிக்காவில் ஜப்பானிய 6.5 தோட்டா கிடைக்காததால் பிறந்த மாற்றம் அது. விளிம்பற்ற கேஸ் என்பதால் தோள் தவறினால் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. .257 ராபர்ட்ஸ் கேஸின் கழுத்தை விரிப்பதைவிட 7×57 மவுசர் கேஸின் கழுத்தைச் சுருக்குவதே நல்லது, அப்போதுதான் பொய்த் தோளை விட முடியும். அந்தக் குழல்களில் வரிப்பள்ளம் பெயரளவைவிடப் பெரிதாக இருப்பதும் உண்டு, ஈயக் குண்டால் அளந்துவிடுங்கள்.

கட்டிய தோட்டாவின் அடியில் இன்னும் .303 என்றே முத்திரை இருக்கும். .303/25ஐ .303 துப்பாக்கியில் போட்டால் போல்ட் மூடிவிடலாம், .257 குண்டு அகன்ற குழலில் பிடிப்பின்றிப் போக, கழுத்து கிழிந்து வாயு பின்னால் பீறிடும். .303/22 தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் போட்டாலும் அதே கதி. பெட்டியில் பெரிதாக எழுதுங்கள், பிரைமரைச் சுற்றி நிறம் பூசுங்கள், மேசையில் ஒரு சமயத்தில் ஒரு ரகம் மட்டும் இருக்கட்டும்.

இதுவரை சுட்ட கேஸ்களைச் சோதிக்க, மெல்லிய கம்பியின் நுனியைச் செங்கோணமாக வளைத்துக் கூராக்கி, கேஸின் உள்ளே அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். 10 மி.மீ. அளவில் நுனி பள்ளத்தில் தடுக்கினால், வெளியே வளையம் தெரியாவிட்டாலும் அந்தக் கேஸை நசுக்கிவிடுங்கள். ஏற்கெனவே அறுந்து சேம்பரில் தங்கிய துண்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், சேம்பர் சுவர் கீறிப் போகும். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, துண்டின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரிய பித்தளைத் தூரிகையைப் பின்பக்கமாக அதில் நுழைத்து, குழல் வாயிலிருந்து கம்பியால் தள்ளுங்கள். பெரும்பாலும் தூரிகையோடு சேர்ந்து துண்டும் வெளியே வந்துவிடும்.